பனிக்கும் பயணத்துக்கும் தாங்கும் டஃபல் பை: தேர்ந்தெடுப்பது எப்படி?

டஃபல் பை (உருளை போல நீண்ட, துணியாலான பெரிய பயணப் பை) வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" அடுத்தது "எந்தக் கம்பெனி?" இரண்டுமே கடைசியில் கேட்க வேண்டியவை. பை எந்த வண்டியில், யார் கையில், எத்தனை கிலோவோடு போகப்போகிறது என்று தெரிந்துவிட்டால் லிட்டர் தானாக முடிவாகிவிடும். கம்பெனிப் பெயர் பல சமயம் தேவையே படாது.

சென்னையிலிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக் கற்கப் போகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மணாலி பக்கத்து சோலாங், உத்தராகண்டின் அவுலி, நேபாள மலைநடை என்று போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். துணியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, பிறகு எடைக் கணக்குப் போட்டுத் தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

1. கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு இஞ்ச் டேப், கொக்கி போட்ட கைத்தராசு, மளிகைக் கடையில் கிடைக்கும் பெரிய அட்டைப் பெட்டி, உங்கள் விமான டிக்கெட். இவற்றைவிட முக்கியம், பைக்குள் போகப்போகிற பொருட்கள். ஜாக்கெட், தெர்மல் (உள்ளே போடும் கதகதப்பு உடுப்பு), கையுறை, ஹெல்மெட் எல்லாம் வாங்கியோ இரவல் வாங்கியோ வீட்டுக்கு வந்த பிறகுதான் பை வாங்க வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பை முதலில் வருகிறது, அதில் இடம் இருக்கிறதே என்று சாமான் பெருகுகிறது. பெரிய பை காலியாகப் போனதாக நான் பார்த்ததில்லை.

சறுக்குக் கட்டையும் காலணியும் (ஸ்கி பூட்) உங்களுடையவையா, அங்கே வாடகைக்கு எடுக்கப்போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதல்முறை போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே நல்லது. குல்மார்க்கில் வாடகைக் கடைகள் இருக்கின்றன. பயிற்சி நிலையங்களில் சேர்பவர்கள், கட்டணத்தில் கருவிகளும் அடக்கமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு முடிவில் பையின் அளவு முப்பது லிட்டர் வரை மாறிவிடும்.

2. பை எத்தனை கை மாறும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டு வாசலிலிருந்து விடுதி அறை வரை பை போகும் வழியை எழுதுங்கள். குல்மார்க் பயணத்தில் அது ஏறக்குறைய இப்படி வரும்.

சென்னையில் கன்வேயரில் ஏறுகிறது. ஸ்ரீநகருக்குப் பெரும்பாலும் டெல்லியில் விமானம் மாற வேண்டியிருப்பதால், அங்கே இன்னொரு முறை இறங்கி ஏறுகிறது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். அதில் தங்மார்குக்குப் பிறகு வரும் கடைசி 13 கிலோமீட்டர்தான் ஏற்றம். பனி விழுந்திருந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிக்கோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கோ தங்மார்கில் மாற வேண்டும். அப்போது பை வண்டிக் கூரையில் கயிறு போட்டுக் கட்டப்படும். மேலே பனி கொட்டும். குல்மார்க்கில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து விடுதி தள்ளி இருந்தால் சறுக்குவண்டிக்காரர் பையை இழுத்துக்கொண்டு போவார்.

திரும்பும்போது ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. முனையத்துக்கு முன்பே இருக்கும் வாயிலில் வண்டியை நிறுத்தி, எல்லாப் பைகளையும் இறக்கி, எக்ஸ்ரேயில் விட்டு, மறுபடி வண்டியில் ஏற்ற வேண்டும். உள்ளே போனதும் மீண்டும் சோதனை. இடுப்பு பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

ரயிலில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது என்பதால் இப்போது இந்த வழியும் உண்டு. ரயில்வேயில் ஸ்லீப்பருக்கும் ஏசி மூன்றடுக்குக்கும் 40 கிலோ வரை இலவசம். ஆகவே எடை பெரிய கவலை இல்லை. பெர்த்துக்கு அடியில் பை நுழையுமா என்பதுதான் கவலை.

இந்தத் தாள் எதற்கு என்றால், ஒவ்வொரு கைமாற்றமும் பையின் ஒவ்வொரு உறுப்பைச் சோதிக்கிறது. தூக்கிப்போடுவது கைப்பிடித் தையலை, கூரைக் கயிறு ஜிப்பை, சறுக்குவண்டி அடித்துணியை, எக்ஸ்ரே வரிசை உங்கள் முதுகை. எது அதிகம் வருகிறதோ அந்த உறுப்புக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

3. எடைக் கணக்கை முதலில் முடியுங்கள்

உள்நாட்டு விமானங்களில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன். கையில் 7 கிலோ. டிக்கெட் வகையைப் பொறுத்து மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், நண்பர் சொன்னதை அல்ல.

அந்த 15 கிலோவிலிருந்து பையின் சொந்த எடையைக் கழியுங்கள். 90 லிட்டர் அளவில் சக்கரமில்லாத நல்ல டஃபல் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ இருக்கும். சக்கரமும் இழுகம்பியும் வைத்தது மூன்றரைக்கு மேல் போகும், நான்கைத் தொடுவதும் உண்டு. சொந்தக் காலணி ஒரு ஜோடி நான்கு கிலோ அளவில் வரும். ஆகச் சக்கரப் பையும் சொந்தக் காலணியும் சேர்ந்தாலே எட்டு கிலோ போய்விடுகிறது. மீதி ஏழு கிலோவில் ஒரு வாரத்துக் குளிர் உடுப்பு அடங்காது.

பையின் எடையைக் கடை அட்டையில் நம்பாமல் கைத்தராசில் தூக்கிப் பாருங்கள். பையில் தோளுக்கு மாட்டும் பட்டையைக் கழற்றி வைத்து எடை போட்டுச் சொல்கிறவர்கள் உண்டு.

பன்னாட்டுப் பயணம் என்றால் வழக்கமான எல்லை 23 கிலோ. ஒரு பை 32 கிலோவுக்கு மேல் இருந்தால், கூடுதல் பணம் கட்டினாலும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். தூக்குபவரின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நேபாளத்தில் மலைநடை தொடங்கும் லுக்லாவுக்குப் பறக்கும் சிறு விமானத்தில் கைப்பையும் சேர்த்தே 15 கிலோ என்பது வழக்கம்.

4. அட்டைப் பெட்டியை வைத்து லிட்டரைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஜாக்கெட்டைச் சுருட்டி அதன் உறையில் திணியுங்கள். ஹெல்மெட்டுக்குள் காலுறை, கையுறை, கண்ணாடி எல்லாம் போகட்டும். காலியாக விட்டால் ஹெல்மெட் ஒன்றே பத்து லிட்டர் இடத்தைத் தின்றுவிடும். பிறகு பெட்டிக்குள் அடுக்குங்கள்.

நீளம், அகலம், சாமான் நிரம்பிய உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 60 × 40 × 35 என்றால் 84 லிட்டர். இதோடு பத்தில் ஒரு பங்கு சேருங்கள். வீட்டில் இஸ்திரி மடிப்போடு அடங்கிய துணி, திரும்பும்போது ஈரத்தோடு முரண்டு பிடிக்கும். ஆக 92.

காலணி வாடகைக்கு எடுப்பவருக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 வரும். சொந்தக் காலணி கொண்டுபோகிறவருக்கு 90 முதல் 100. சறுக்குக் கட்டை சொந்தமாக இருந்தால் அதற்குத் தனி நீளப் பை வேண்டும். 160 சென்டிமீட்டர் கட்டையை எந்த டஃபலிலும் கோணலாகத் திணிக்க முடியாது.

120 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். எடை வரம்பு 15 கிலோவாக இருக்கும்போது அவ்வளவு பெரிய பை பாதி காலியாகக் கிடந்து, உள்ளே சாமான் உருண்டு, தையலை உள்ளிருந்தே இடிக்கும்.

இன்னொரு வரம்பு, மொத்த அளவு. பல விமான நிறுவனங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 70 × 40 × 35 அளவுப் பை 98 லிட்டர், கூட்டினால் 145, தாராளமாகப் போகும். 80 × 45 × 40 என்றால் 144 லிட்டர், கூட்டினால் 165. நிரப்பினால் கவுன்டரில் வாக்குவாதம்தான்.

அட்டையில் போட்டிருக்கும் லிட்டரை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிடாதீர்கள். நார்த் ஃபேஸ் பேஸ் கேம்ப் வரிசையில் நடுத்தரம் 71 லிட்டர், பெரிது 95. படகோனியா பிளாக் ஹோலில் 70, 100. எண்கள் அருகருகே இருந்தாலும் நீளமும் வாயின் வடிவமும் வேறு. டேப்பை எடுத்து அளப்பதுதான் ஒரே வழி. டெகத்லானின் ஃபோர்க்லாஸில் 80 லிட்டரிலிருந்து 120 வரை விரியும் ஒன்று இருக்கிறது. போகும்போது சுருக்கி, திரும்பும்போது விரிப்பவர்களுக்கு வசதி. ஆனால் விரிக்கும் ஜிப் இன்னொரு பலவீன இடம் என்பதும் நினைவிருக்கட்டும்.

5. சக்கரமா, தோளா?

விமான நிலையம், டாக்சி, ஓட்டல் லிஃப்ட் என்று முடியும் பயணத்துக்குச் சக்கரம் நல்லது. பனியில் அது உருளாது. பனியைச் சேர்த்துக்கொண்டு ஏர் போல உழும். எடையையும் நீங்களே சுமக்க வேண்டும்.

குல்மார்க்குக்குத் தோள்பட்டை வைத்த டஃபல்தான். முதுகில் மாட்டி இரு கையையும் காலியாக வைத்துக்கொண்டு வழுக்கும் பாதையில் நடக்கலாம். பட்டை குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் அகலமும் கொஞ்சம் பஞ்சும் இருக்க வேண்டும். கழற்றவோ உள்ளே செருகவோ முடிய வேண்டும் என்பது அதைவிட முக்கியம். தொங்கும் பட்டை கன்வேயரில் சிக்கினால் முதலில் பிய்வது பட்டையின் வேர்.

நேபாளத்தில் சுமைக்காரர்கள் இரண்டு டஃபலைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, நாம்லோ என்னும் நெற்றிப்பட்டையில் சுமப்பார்கள். அங்கே சக்கரமோ கம்பியோ இருந்தால் அவர் முதுகில் குத்தும். வழவழவென்று நீண்ட, எலும்பில்லாத பைதான் மரியாதை.

6. துணி: டெனியர் எண்ணில் மயங்காதீர்கள்

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 1000 டெனியர் என்றால் அந்த நீள நூல் 1,000 கிராம். நூல் தடிமன் மட்டும்தான் இதில் தெரியும். நெசவு நெருக்கமா, நூல் நைலானா பாலியஸ்டரா, மேல்பூச்சு என்ன என்பதெல்லாம் தெரியாது. நெருக்கமாக நெய்த 420 டெனியர் நைலான், தொளதொள 600 டெனியர் பாலியஸ்டரை உராய்வில் எளிதாக ஜெயிக்கும். ஒரே தடிமனில் நைலானுக்கு உராய்வுத் தாங்கும் திறன் அதிகம். பாலியஸ்டர் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், வெயிலில் நைலானைவிட மெதுவாகத்தான் நைந்துபோகும்.

மேல்பூச்சில் மூன்று வகையைக் காண்பீர்கள்.

பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணி மலிவு, கனம், தண்ணீரை நன்றாகத் தடுக்கும். குளிரில் விறைத்துவிடும் என்பதுதான் குறை. ஜனவரியில் குல்மார்க் இரவு மைனஸ் 10 வரை இறங்குவதுண்டு. வண்டிக் கூரையில் விறைத்த பிவிசிப் பையை மடித்து மடித்துத் திறந்தால், காலப்போக்கில் மடிப்புக் கோட்டில் விரிசல் விடும்.

டிபியு (ரப்பர் போல வளையும் ஒருவகைப் பிளாஸ்டிக்) ஒட்டிய துணி குளிரிலும் வளையும், எடையும் குறைவு. விலை கூடுதல். பனிக்கு அடிக்கடி போகிறவர் இதற்குச் செலவழிக்கலாம்.

மூன்றாவது, உட்புறம் மெல்லியதாகப் பியு (பாலியூரிதேன்) பூசிய சாதாரணத் துணி. கடைகளில் பெரும்பான்மை இதுதான். வருடம் முழுக்க ஈரம் தங்கும் சென்னை மாதிரி ஊர்களில் இந்தப் பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். பையைப் பயன்படுத்தாமல் பரணில் வைத்திருந்தாலும் உதிரும். காற்றின் ஈரமே பூச்சின் பிணைப்பை அறுக்கிறது. இதைத் துணியின் தரக்குறைவு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கடையில் ஒரு சின்னச் சோதனை. பையைத் திறந்து தலையை உள்ளே விட்டு, வெளியிலிருந்து செல்போன் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். ஊசிப்புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு இல்லை. துணியை மடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிரியுங்கள். வெள்ளைக் கோடு அழியாமல் நின்றால், அந்தக் கோட்டில்தான் பிற்பாடு கிழியும்.

அடித்துணி இரட்டையாக இருக்க வேண்டும். சறுக்குவண்டியும் விமான நிலையத் தரையும் தேய்ப்பது அதைத்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு அழகுதான். கன்வேயரில் வரும் இருபது பையில் பதினைந்து கறுப்பு. ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு வாங்குங்கள்.

7. ஜிப்

டஃபல் பைகள் துணி கிழிந்து சாவது அரிது. ஜிப்பில் சாகும், இல்லையென்றால் தையலில். ஆகவே இங்கேயும் அடுத்த படியிலும் அவசரப்படாதீர்கள்.

ரன்னரின் (ஜிப்பில் இழுத்து ஓட்டும் துண்டு) பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய பற்களின் அகலத்தை அது மில்லிமீட்டரில் ஏறக்குறையச் சொல்லும். முக்கிய வாய்க்கு 10 வேண்டும், 8 பரவாயில்லை. 5 வெளிப் பாக்கெட்டுக்கு மட்டும். எண் இல்லாவிட்டால் டேப்பால் அளந்துகொள்ளலாம். ஒய்கேகே (ஜப்பானிய ஜிப் கம்பெனி) என்ற எழுத்து நல்ல அறிகுறிதான். ஆனால் பெரிய ஜிப்பில் ஒய்கேகேயும் ரன்னரில் வேறு கம்பெனியும் போட்டு விற்பதும் நடக்கிறது. இரண்டையும் பாருங்கள்.

பல்லின் வகை மூன்று. தனிப் பற்களுக்குப் பதில் பிளாஸ்டிக் இழைச் சுருள் வைத்த சுருள் ஜிப் நடுவில் பிரிந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினால் சேர்ந்துகொள்ளும். வளைவிலும் நன்றாக ஓடும். தனித்தனிப் பிளாஸ்டிக் பல் வைத்தது அழுக்கையும் பனியையும் தாங்கும், ஆனால் ஒரு பல் உடைந்தால் ஜிப் முழுவதும் போச்சு. உலோகப் பல் கடற்கரை ஊரில் துருப்பிடிக்கும். டஃபலுக்குச் சுருள் ஜிப்தான் என் தேர்வு. காரணம், கெட்டாலும் பாதி வழியில் பையைக் கைவிடாது.

அதற்கு ஒரு குறையும் உண்டு. பூட்டுப் போட்ட சுருள் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனாவை நடுவில் குத்திப் பிரித்துவிடலாம். பிறகு பூட்டிய இரு ரன்னரையும் ஒன்றாக நகர்த்தினால் மறுபடி மூடிக்கொள்ளும், திறந்த சுவடே தெரியாது. இதைத் தடுக்க, ரன்னர்கள் நகராதபடி பையோடு தைத்த ஒரு வளையத்தில் சேர்த்துப் பூட்ட வேண்டும். அப்போதும் திறக்கலாம், மூட முடியாது. பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயின் வடிவம் இன்னொரு கேள்வி. மூன்று பக்கமும் திறந்து மூடிபோல் விரியும் வாய் சாமான் எடுக்கச் சௌகரியம். ஆனால் வளைவு கூர்மையாக இருந்தால் ரன்னர் அங்கே முரண்டும், பற்கள் அங்கேதான் முதலில் பிரியும். வளைவில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். டம்ளரின் வாய்வட்டத்தைவிட இறுக்கமான மூலை வேண்டாம்.

ஜிப்பின் மேல் மடிப்புத் துணி மூட வேண்டும். கூரைக் கயிறு நேராகப் பற்களில் உரசாமலும் பனி உருகி உள்ளே இறங்காமலும் காப்பது அதுதான். மடிப்புத் துணி ரன்னரில் மாட்டிக்கொள்கிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள்.

8. தையலும் பட்டையும்

கைப்பிடிப் பட்டையை விரலால் பின்தொடருங்கள். நல்ல பையில் அது மேலிருந்து இறங்கி, அடி வழியாக மறுபக்கம் ஏறி, முழுச் சுற்றாக இருக்கும். எடை பட்டையில் தொங்கும், துணியில் தொங்காது. மலிவுப் பையில் பட்டை மேல் விளிம்பிலேயே தைத்து நின்றுவிடும். 15 கிலோவை ஒருவர் வெடுக்கென்று இழுத்தால் அந்த நான்கு அங்குலத் துணியோடு கையில் வரும்.

பட்டை சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி தைத்திருக்கிறார்களா, அல்லது நெருக்கமான குறுக்குத் தையல் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒரு நேர்கோட்டுத் தையல் என்றால் வைத்துவிடுங்கள். ரொம்ப நெருக்கமான நேர்த்தையலும் ஆபத்துதான். பூச்சுத் துணியில் ஊசித்துளை அடுத்தடுத்து விழுந்தால், தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும்.

அடுத்து, பையை உள்வெளியாகத் திருப்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. துணி விளிம்புகளுக்கு நாடா வைத்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டாத விளிம்பு நூல்நூலாகப் பிரிந்து ஜிப்பில் மாட்டும், மாட்டியதை இழுக்க, ரன்னர் வாய் விரியும். பட்டையின் நுனி மூட்டுத் தையலுக்குள் குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது போயிருக்கிறதா என்பதும் உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இரு கோடியிலும் கைப்பிடி வேண்டும். வண்டிக் கூரையிலிருந்து இறக்கும்போதும் எக்ஸ்ரே வாயிலிலிருந்து இழுக்கும்போதும் நடுக்கைப்பிடி எட்டாது. கோடியில் இல்லாவிட்டால் தோளுக்கு மாட்டும் பட்டையைப் பிடித்து இழுப்பார்கள். பட்டை அகலம் நான்கு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் விரலை அறுக்கும்.

பக்கவாட்டில் வரிசையாகத் தைத்த வளையங்கள் கயிறு கட்ட உதவும். கட்டுபவர் ஜிப் வழியாகக் கயிறு விடாமல் இருக்க, முதலில் நீங்களே அந்த வளையத்தைக் காட்டிவிடுங்கள். ரயிலில் பெர்த்துக் கம்பியில் சங்கிலி போடவும் இவை பயன்படும்.

பக்கிள் உடைவதைத் தவிர்க்க முடியாது. குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும், யாராவது மிதிப்பார்கள். ஆகவே பட்டையை அறுக்காமல் மாற்றக்கூடிய பக்கிளா என்று பாருங்கள். உதிரியாக ஒன்று வாங்கிப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

வாழ்நாள் வாரண்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். பையை எங்கே, யார் செலவில் அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். பதில் இழுத்தால், உங்கள் தெரு முனையில் பை தைப்பவர்தான் உங்கள் வாரண்டி. வாங்கிய கையோடு அவரிடம் கொண்டுபோய், "அண்ணே, கைப்பிடி சேர்ற நாலு இடத்துலயும் தடி நைலான் நூல்ல பெருக்கல் போட்டு அடிச்சுக் குடுங்க" என்றால் முடிந்தது. நடுத்தர விலைப் பையை இப்படிப் பலப்படுத்துவது, விலையுயர்ந்த பை வாங்குவதைவிடப் பல சமயம் புத்திசாலித்தனம்.

9. கடையில் பார்க்கும் வரிசை

முதலில் கைத்தராசு. எடை கூடினால் அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். அடுத்து டேப். பிறகு உள்வெளியாகத் திருப்பித் தையல். அதன்பின் ஜிப். துணி கடைசியில்.

ஜிப்பைப் பார்க்கும்போது உங்கள் பனிக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். சென்னைக் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கையுறையோடு பிடிக்க முடியாத ரன்னருக்கு ஒரு நாடா முடிச்சுப் போட்டால் போதும், அதற்காகப் பையை ஒதுக்க வேண்டாம். ஆனால் பை நிரம்பியிருக்கும்போது ஒரே கையால் மூலையைத் தாண்டி ஓடாத ஜிப்பை ஒதுக்குங்கள். காலிப் பையில் எல்லா ஜிப்பும் வெண்ணெய்தான். அங்கே கிடக்கும் ஜாக்கெட், தலையணை எதையாவது திணித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

10. வீட்டில் செய்யும் சோதனை

விலைச்சீட்டை அறுக்காமல், உள்ளே பழைய போர்வைகளையும் பத்துக் கிலோ அரிசிப் பையையும் வையுங்கள். மொத்தம் 15 கிலோ வரட்டும். ஒரே ஒரு கைப்பிடியில் தூக்கி, உடனே கீழே விடுங்கள். ஒவ்வொரு கைப்பிடிக்கும் இப்படி. மென்மையாகத் தூக்குவதில் ஒன்றும் தெரியாது. விமான நிலையத்தில் யாரும் மென்மையாகத் தூக்கப்போவதில்லை.

பிறகு முதுகில் மாட்டி மாடிப்படி மூன்று தளம் ஏறி இறங்குங்கள். பட்டை கழுத்தை அறுக்கிறதா, பை முழங்காலின் பின்புறம் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். குள்ளமானவர்களுக்கு 70 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான பை இடிக்கும்.

கடைசியாக, உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு மூடி, ஷவருக்கு அடியில் பத்து நிமிடம். திருப்பி அனுப்ப நினைக்கும் பைக்கு இதை மட்டும் செய்யாதீர்கள். தாள் எங்கே நனைந்ததோ அங்கே ஓட்டை. ஜிப்பிலும் தையலிலும் கொஞ்சம் நனையத்தான் செய்யும். தண்ணீர் தாங்கும் பைக்கும் தண்ணீர் புகாத பைக்கும் வித்தியாசம் அதுதான். முன்னதைத்தான் நாம் வாங்குகிறோம், ஆகவே உள்ளே பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டே அடுக்க வேண்டும்.

11. அடுக்கும் வரிசை

காலணிகளை இரு கோடியிலும் ஒவ்வொன்றாக, அடிப்பாகம் வெளிச்சுவரைப் பார்த்தபடி. இரண்டையும் ஒரே கோடியில் வைத்தால் முதுகில் மாட்டும்போது பை ஒரு பக்கம் இழுக்கும். காலணிக்குள் காலுறையைத் திணியுங்கள், ஓடு நசுங்காது. கூரான பக்கிள்கள் துணியைக் குத்தாமல் சுற்றி ஒரு தெர்மல்.

நடுவில், முதுகுப் பக்கமாகக் கனமான உடுப்பு. மேலே ஹெல்மெட், அதற்குள் கண்ணாடி. ஈரத்துணிக்கு ஒரு வாய்ச்சுருட்டுப் பையை (வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை) காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் மறக்கும் பொருள் இதுதான், முதல்நாள் மாலையே தேவைப்படும்.

பவர் பேங்க், சூடேற்றும் கையுறையின் உதிரி பேட்டரி இவற்றை டஃபலில் போடவே கூடாது. விமானத்தில் அவை கைப்பையில்தான் வர வேண்டும். போட்டால் எக்ஸ்ரேயில் பிடித்து, உங்களைக் கூப்பிட்டு, பையைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு செட் தெர்மலும் கையுறையும் கைப்பையில் இருக்கட்டும். டெல்லியில் பை விமானம் மாறத் தவறினால் முதல் இரவு குளிரில் சாகாமல் இருக்கலாம்.

பெயரையும் கைப்பேசி எண்ணையும் பைக்குள்ளேயும் ஒரு தாளில் வையுங்கள். வெளியே தொங்கும் சீட்டு அறுந்துபோகும்.

12. பனியிலும் திரும்பி வந்த பிறகும்

ஜிப்பில் தண்ணீர் உறைந்து இறுகினால் இழுக்காதீர்கள். அறைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பனியைத் தட்டி எடுங்கள். ஹீட்டர் மேலேயோ காஷ்மீரத்துக் காங்கிரிக்கு (தணல் சட்டி) பக்கத்திலேயோ பையை வைத்தால் பூச்சு உருகும். ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஜிப் பற்களில் தேய்த்துவிட்டால் அடுத்தமுறை எளிதாக ஓடும்.

ரன்னர் ஓடியும் பின்னால் ஜிப் பிரிந்துகொண்டே வந்தால், பற்களில் குறையில்லை, ரன்னர் வாய் விரிந்திருக்கிறது. குறட்டால் அதன் இரு பக்கத்தையும் கொஞ்சமாக நெருக்குங்கள். ஊர் திரும்பும் வரை தாங்கும். ஊரில் ரன்னரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜிப் முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடமிருந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே பையைக் காலி செய்து, உள்வெளியாகத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், பூச்சு போய்விடும். மடித்துப் பரணில் போடுவதைவிட, மின்விசிறி ஓடும் அறையில் ஜிப் திறந்தபடி ஆணியில் தொங்க விடுவது மேல். இடமில்லாமல் பரணில்தான் வைக்க வேண்டுமென்றால் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து உள்ளே போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிக் காற்றாட விடுங்கள். உட்புறத்தை விரலால் தொட்டால் ஒட்டுகிறது என்றால் பூச்சு போக ஆரம்பித்துவிட்டது. அந்தப் பையைப் பனிக்குக் கொண்டுபோக வேண்டாம், ஊருக்குப் போகவர வைத்துக்கொள்ளலாம்.